அசைபோடும் ஆட்டோடு சாதகம்

நான் வாசித்தால் பாட்டு ஓடிவிடும். என்மேல் இருந்த குற்றம் இது ஒன்றுதான். ஆனால் மிருதங்கக்காரனுக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டியதில்லை. பாடுகிறவர் ஒரு நடையில் எடுத்துக் கொடுப்பார். அந்த நடையைக் கடைசிவரை காப்பாற்றித் தருவது மிருதங்கத்தின் வேலை. என்னிடம் வந்த பாட்டு முதல் வரியில் நடக்கும், நடுவில் எட்டிப் போடும், சரணத்துக்கு வரும்போது ஓடும். எனக்கே தெரியாமல் நடப்பது அது. சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்ததால் பிறகு தெரியும். ஒன்பது நிமிஷப் பாட்டு என்னோடு ஏழே கால் நிமிஷத்தில் முடிந்திருக்கிறது. மூன்று கச்சேரிகளில் நானே குறித்து வைத்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்கூல் பைனல் வரை படித்துவிட்டு, கிடைத்த குமாஸ்தா வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, உறையூரில் இரண்டு அறை வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பாடகர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இரண்டு வருஷத்தில் பதினோரு கச்சேரிக்கு என்னை அழைத்திருந்தார். பன்னிரண்டாவது கச்சேரி தென்னூரில் ஒரு கல்யாணத்தில். மங்களம் பாடி முடித்ததும், முதல் மூன்று வரிசைக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

“என்ன ஓய், ரயிலுக்கு நேரமாயிடுத்தா? நானும் மூட்டையைத் தூக்கிண்டு உம்ம பின்னாடியே ஓடி வந்தேனே, பார்த்தீரா?”

பிடில் வாசித்தவர் விடவில்லை. “அவர் ஏறிட்டார் அண்ணா. நீங்கதான் பிளாட்பாரத்துல நின்னுட்டேள்.”

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பாடகர் என்னைத் தனியே நிறுத்தி, “கை நன்னாயிருக்கு. நாதம் இருக்கு. ஓட்டம் நின்னா சொல்லி அனுப்பும். அதுவரைக்கும் கூப்பிட மாட்டேன், தப்பா நினைச்சுக்காதேயும்” என்றார். சிரித்தபோது வலிக்காதது இப்போது வலித்தது. அவர் கூப்பிடாவிட்டால் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலுமாக எனக்குத் தெரிந்து ஐந்து மிருதங்கக்காரர்கள் காத்திருந்தார்கள்.

கடிகாரத்தை எதிரே வைத்துச் சாதகம் செய்து பார்த்தேன். அது பாட்டுக்கு அது போயிற்று, நான் பாட்டுக்கு நான் போனேன். நான் ஓடினாலும் அது ஒன்றும் சொல்லாது. பக்கத்து வீட்டில் நெசவாளர் ஒருவர் இருந்தார். அவருடைய தறிச் சத்தத்தோடு சேர்ந்து வாசித்தேன். காலையில் நன்றாக இருந்தது. சாயங்காலம் நெருங்க நெருங்க, முழத்தை முடிக்கும் அவசரத்தில் அவரும் ஓட ஆரம்பித்தார். இரண்டு பேருமாக ஓடினோம்.

இந்த லட்சணத்தில் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலும் கிழிந்தது. பாலக்கரையில் மிருதங்கம் கட்டுகிறவரிடம் எடுத்துப் போனேன்.

“வாங்க வித்வான். தோலு போயிருச்சா? மெதுவா வாசிச்சா இன்னும் ரெண்டு மாசம் வந்திருக்குமே!”

“பாலக்கரை வரைக்கும் சேதி வந்தாச்சா அண்ணே?”

“தென்னூர் கல்யாணத்துல வெத்தலை மடிச்சவன் நம்ம பக்கத்து வீடுங்க.”

அவர் வாசலில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு வெள்ளாட்டுக் குட்டி கட்டியிருந்தது. கத்திக்கொண்டே இருந்தது. யாருடையது என்று கேட்டேன். சுவரோரம் இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்த தோலைக் காட்டி, “அதோ, அதோட அம்மா. அதுதான் உங்க மிருதங்கத்துல ஏறப் போகுது. நல்ல தோலு, முத்தலும் இல்ல, பிஞ்சும் இல்ல. தோலை ஆட்டு மேல இருக்கும்போதே பாத்து வாங்கிடறது நம்ம வழக்கம். இந்தத் தடவை குட்டியும் கூட வந்துருச்சு. நீங்களே கொண்டு போயிடுங்களேன்” என்றார்.

எனக்கு நாலு கால் பிராணி எதுவானாலும் பயம். உண்ணி இருக்கும், கடிக்கும், வீடெல்லாம் புழுக்கை போடும். ஆனாலும் அந்தத் தோலைத் தினமும் மூன்று மணி நேரம் தட்டப்போகிறவன் நான். குட்டி கத்துவதைக் கேட்டுக்கொண்டு அதை மறுத்துவிட்டு வர வாய் வரவில்லை. ஐந்து நாள் கழித்து, ஒரு தோளில் மிருதங்கமும் ஒரு தோளில் குட்டியுமாகப் பாலக்கரையிலிருந்து உறையூருக்கு நடந்தேன். வழியில் பதினான்கு இடத்தில் நின்றேன்.

என் மனைவி கதவைத் திறந்து இரண்டு தோளையும் பார்த்தாள். “ஏங்க, தோலு மாத்திட்டு வரேன்னுதானே போனீங்க? உசுரையும் சேத்துக் குடுத்துட்டாங்களா?”

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. ‘ஆடு’ என்றோம், அது வந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கம் முழங்குவதற்காக, வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்புவோம். முதல் வாரத்திலேயே அந்த ரவையை மூன்று தடவை நக்கித் தின்றுவிட்டது. என் மனைவி அதற்கென்று தனியாக ஒரு பிடி ரவை பிசைந்து வைக்க ஆரம்பித்தாள். மிருதங்கச் சத்தத்திலேயே வளர்ந்ததால் அதற்கு அந்தச் சத்தம் பயமில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டினால் கத்தும். அறைக்குள் விட்டால் என் எதிரே, மூன்று முழ தூரத்தில், காலை மடித்துப் படுத்துக்கொள்ளும்.

அது தழை தின்று அசைபோட ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். எதைக் கண்டாலும் எண்ணுகிற வழக்கம் எனக்கு உண்டு, அதையும் எண்ணினேன். ஒரு கவளம் மேலே வரும். ஐம்பத்திரண்டு தடவை மெல்லும். விழுங்கும். ஐந்து நொடி சும்மா இருக்கும். அடுத்த கவளம் வரும். சில சமயம் நாற்பத்தொன்பது, சில சமயம் ஐம்பத்தைந்து. பெரும்பாலும் ஐம்பத்திரண்டு. அந்த ஐம்பத்திரண்டு மெல்லலும் ஒரே நடை. முதல் மெல்லலுக்கும் கடைசி மெல்லலுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. வீட்டில் அவசரமில்லாத ஜீவன் அது ஒன்றுதான்.

ஒரு நாள் அதன் வாயைப் பார்த்துக்கொண்டே ஆதி தாளத்தில் வாசித்தேன். ஒரு மெல்லல், ஒரு எண்ணிக்கை. கொஞ்ச நேரத்தில் வாய் நின்றுவிட்டது. காதுகளை முன்னால் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தது. வாயில் கவளம் அப்படியே இருந்தது. நானும் நிறுத்தினேன். அது மெல்ல ஆரம்பித்தது. மறுபடி வாசித்தேன், மறுபடி நின்றது. நாலாவது தடவைதான் விளங்கியது: நான் ஓடத் தொடங்கும் இடத்தில் அது மெல்லுவதை நிறுத்துகிறது. என் கை அவசரப்பட்டால் அதற்கு என்னவோ ஆபத்து வருகிற மாதிரி தோன்றியிருக்க வேண்டும்.

கடிகாரம் செய்யாததை ஆடு செய்தது. முதல் நாள் முப்பத்தொரு தடவை நிறுத்தியது. அன்றிலிருந்து தினமும் காலையில் அது அசைபோடும் நேரம்தான் என் சாதக நேரம். மெல்லும்போது வாசிப்பேன், விழுங்கும்போது கையை எடுப்பேன். நாலு மாதத்தில் முப்பத்தொன்று இரண்டாகவும் மூன்றாகவும் குறைந்தது. ஸ்ரீரங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

பாடகர் வீட்டில் பேத்தியின் ஆண்டு நிறைவு. காலையில், வீட்டு மனிதர்கள் முப்பது பேருக்கு முன்னால் சின்னக் கச்சேரி. “வந்து வாசியும், பார்ப்போம்” என்று பதில் வந்தது.

முதல் பாட்டு நிதானமாக நின்றது. இரண்டாவது பாட்டும். பாடகர் என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். பிரதானமான பாட்டில், பல்லவி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, என் இரண்டு கைகளும் மிருதங்கத்தை விட்டு எழுந்து மடியில் உட்கார்ந்தன. நான் எடுக்கவில்லை. அவையாக எழுந்தன. ஐந்து நொடி கழித்து அவையாகவே போய் வாசித்தன. பாடகர் திரும்பிப் பார்த்தார். பிடில்காரர் வில்லைப் போட்டுக்கொண்டே புருவத்தை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே. அன்று மொத்தம் ஒன்பது தடவை. எட்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஐம்பத்திரண்டு என்பது ஆறரைச் சுற்று. முதல் தடவையே சுற்றின் நட்டநடுவில், யாரும் விடக் கூடாத இடத்தில் விட்டேன்.

முடிந்ததும் பாடகர் கேட்டார்: “ஓடலை. அது வாஸ்தவம். ஆனா நடுநடுவுல எங்கே போயிட்டுப் போயிட்டு வந்தீர்?”

உள்ளதையே சொல்லிவிட்டேன்: “அப்போ ஆடு விழுங்கும் சுவாமி.”

எல்லாவற்றையும் சொன்னேன். பிடில்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய பொடி டப்பி உருண்டு போயிற்று. “அண்ணா, அடுத்த தடவை ரெண்டு பேருக்கும் மேடை போட்டுடுங்கோ. அதுக்குத் தாம்பூலம் வச்சாலே போறும், நின்ன இடத்துல தின்னுடும்” என்றார்.

பாடகர் சிரிக்கவில்லை. என்னைச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு செவலைப் பசு நின்றிருந்தது. அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

“கறக்கறச்சே நான் இங்கே உக்காந்து பாடுவேன். மேலே போறச்சே தொண்டையை இறுக்கினேனோ, காலைத் தூக்கிப்பிடும். செம்பு உருண்டு பால் கொட்டிப் போயிடும். ஆத்துக்காரிகிட்டே அர்ச்சனைதான். இறுக்காம பாடினா அசையாம நிக்கும். இது மூணாவது பசு. மூணும் எனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தது.”

நான் பசுவின் பின்னங்காலைப் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணு. இது திருத்தறதை எடுத்துப்பேன். இது கொட்டாவி விட்டா நானும் மேடையில கொட்டாவி விடறதில்லை.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “இருபத்துமூணு நாள்ல எனக்கு ரேடியோவில பாட்டு இருக்கு. அரை மணி, நாலு உருப்படி. பாடறது அப்படியே நேரே போறதாம். நாலு நிமிஷம் முன்னாடி முடிஞ்சா ஊர்க்கதையா பேச முடியும்? நடுவுல நீர் காணாமப் போனாலும் ஆகாது. இன்னொருத்தர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு முதல் நாள் ஒத்திகைக்கு வாரும். கை நின்னா அவர் வருவார்.”

ஊருக்கு ரேடியோ நிலையம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. அதில் ஒரு தடவை கேட்டுவிட்டால் பத்து ஊருக்குத் தெரிந்துவிடும். வரும் வழியில் பஸ்ஸில் நான் எதையும் எண்ணவில்லை.

என் மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். “அது சும்மா இருக்கிற நேரத்துல நீங்களும் ஏன் சும்மா இருக்கணும்? அப்பத்தானே உங்களை நம்பலாமா வேண்டாமான்னு தெரியும்?” என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்து புது வழி ஒன்று கிடைத்தது. நான் ஆட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். அவள் ஆட்டைப் பார்த்து உட்கார்ந்து, மெல்லுகிற நடையைத் தாம்பாளத்தில் விரலால் தட்டுவாள். அது விழுங்கியதும் தட்டல் நிற்கும். நான் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த கவளத்துக்கு அவள் தட்ட ஆரம்பிக்கும்போது என் நடையும் அந்த நடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதல் நாள் அவள் தட்ட ஆரம்பித்தபோது நான் வெகு தூரம் போயிருந்தேன். “அஞ்சு நொடி தனியா விட்டா ஊரைத் தாண்டிடுவீங்க போலிருக்கே!” என்றாள். பத்து நாளில் பத்துக்கு ஆறு ஒத்துவந்தது. பத்துக்கு ஆறு தேறாது என்று எனக்குத் தெரியும்.

பதினான்காம் நாள் ஆபத்து வந்தது. பக்கத்து வீட்டு நெசவாளர் பாவு நூலுக்குப் போடுவதற்காகத் தொட்டியில் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்திருந்தார். கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஆடு, பாதித் தொட்டியைக் குடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் இடது வயிறு மேளம் மாதிரி உப்பி நின்றது. அசைபோடுவது அடியோடு நின்றது.

நெசவாளர் வந்து பார்த்தார். “கஞ்சி போட்ட பாவு மாதிரி விறைச்சுப் போச்சே” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், “கவலைப்படாதீங்க. ஓமமும் இஞ்சியும் இடிச்சு நல்லெண்ணெயில கலந்து ஊத்துங்க. வயித்தை நீவி விட்டுக்கிட்டே இருங்க. அசைபோட்டுட்டா பொழைச்சுக்கும்” என்றார்.

மூன்று வேளை ஊற்றினோம். நடக்கவைத்தோம், நீவினோம். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் வாய் அசையவில்லை. ரேடியோவுக்கு ஏழு நாள் இருந்தது. சாதகத்துக்கு ஆடு இல்லையே என்றுதான் முதலில் கவலைப்பட்டேன், அதை மறைப்பானேன். மூன்றாம் நாள் காலையில் அது தலையைத் தரையில் சாய்த்துக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிடந்தபோது ரேடியோ ஞாபகம் போய்விட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் விரல் நுனியால் வாசித்தேன். அது எந்த நடையில் மெல்லுமோ அந்த நடை. தட்டிக் காட்ட யாருமில்லை, பார்க்க வாயுமில்லை. நடை முழுக்க என்னிடம்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலும் ஆட்டுக்குக் கெடுதல் வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். முதல் தடவையாக எனக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. முடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கையால் வயிற்றை நீவி, ஒரு கையால் வாசித்து, கை மாற்றி, மத்தியானம் வரை அப்படியே இருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்கு அது ஒரு பெரிய ஏப்பம் விட்டது. தெரு வரை நாறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஒன்று மேலே ஏறுவது தெரிந்தது. தாடை அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. என் மனைவி சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவள் ஆட்டின் வாயைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக, “ஒண்ணா இருக்குங்க.”

அந்தக் கவளத்தை இருபத்துமூன்றோடு விழுங்கிவிட்டது, பலவீனம். அடுத்ததில் முப்பது. சாயங்காலத்துக்குள் வயிறு வற்றி, எழுந்து நின்று ரவை கேட்டது.

ஒத்திகைக்குப் போனேன். கை எங்கும் எழவில்லை. பாடகர் இன்னொருவருக்கு ஆள் அனுப்பவில்லை.

ரேடியோ நிலையத்தில் எங்களை உட்காரவைத்த அறையில் சுவரெல்லாம் மெத்தை மாதிரி அடித்திருந்தது. கைதட்டினால்கூடச் சத்தம் அங்கேயே செத்துப்போகும். எதிரே ஒரு பெரிய கடிகாரம், ஒரு சிவப்பு விளக்கு. சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கு எரிந்தது. பழைய நானாக இருந்தால் அந்த விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் ஓடியிருப்பேன். கடிகாரத்தையும் விளக்கையும் விட்டுவிட்டுப் பாடகரின் தாடையைப் பார்த்தேன்.

மூன்றாவது உருப்படியில் அவர் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். பல்லவியின் கடைசிச் சுற்றில், வரியைப் பாதியில் விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். தொடையில் தாளம் போடும் கையும் நின்றது. எனக்குச் சோதனை என்று புரிந்தது. நானும் கையை எடுத்தேன், இந்தத் தடவை நானாக எடுத்தேன். பிடில்காரர் திகைத்து வில்லைத் தூக்கிவிட்டார். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. உள்ளே எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. ஆறாவது எண்ணிக்கை முடிந்ததும் அவர் வாயைத் திறந்தார், என் கை விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இல்லை.

கடைசி உருப்படி முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணிக்கு இன்னும் இருபது நொடி இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும், “மன்னிக்கணும் சுவாமி, இருபது நொடி முன்னாடி” என்றேன்.

“ஏங்காணும், அறிவிக்கறவர் வாயைத் திறக்க வேண்டாமா? அது அவருக்கு வச்சது.” அவர் அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “தை மாசம் கும்பகோணத்துல ரெண்டு, மாயவரத்துல ஒண்ணு. மூணுக்கும் வரீரா?”

வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

பிடில்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, “மூணு பேரா, நாலு பேரா? டிக்கெட் எடுக்கணும், சொல்லிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவியும் ஆட்டோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பூங்காவில் கம்பத்தில் கட்டிய ரேடியோப் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறாள். “நான் கேட்டேன். இது கேக்கலை. கடலைக்காரர் போட்ட காகிதத்தையெல்லாம் பொறுக்கித் தின்னுக்கிட்டிருந்துச்சு” என்றாள்.

மூன்று கச்சேரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “மூணு நாளா? அப்ப இதுக்குத் தழை யாரு ஒடிப்பா? எனக்கு எட்டாதுங்க” என்றாள்.

தை மாதம் கும்பகோணத்துக்குப் புறப்பட்ட அன்று விடிந்ததும் போய் அகத்தித் தழை ஒடித்து வந்து, ஆறு கட்டாகக் கட்டி, அவளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, மிருதங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.